எந்தப் பெட்டியில் ஓடப் போகிறது? வீட்டு வீடியோவுக்கு மென்பொருள் தேர்வு செய்யும் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ நடுத்தர வீடொன்றின் பீரோ மேல்தட்டைத் துழாவினால் ஏறக்குறைய ஒரே சரக்குதான் கிடைக்கும். தொண்ணூறுகளில் நடந்த கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட் இரண்டு. காதுகுத்து விசிடி மூன்று. விரல் நீளமே உள்ள மினிடிவி கேசட்டுகள் சில (பெயரில்தான் 'டிவி', தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). ஸ்டுடியோக்காரர் பூப்போட்ட உறையில் கொடுத்த டிவிடி. இவை போக, வீட்டிலுள்ள நான்கு போன்களில் சிதறிக் கிடக்கும் மஞ்சள் நீராட்டு விழா.

இத்தனையையும் ஒழுங்குபடுத்தி, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று, மாமா வீட்டுக்கு ஒன்று என்று டிஸ்க் போட்டுக் கொடுக்க நினைப்பவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். அப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வராது. கடைசியில் இது எந்தப் பெட்டியில் ஓடப் போகிறது, யார் கையில் ரிமோட் இருக்கப் போகிறது என்று கேட்டுவிட்டுப் பின்னோக்கி வந்தால், மென்பொருள் தேர்வு பெரும்பாலும் தானே முடிந்துவிடும். காசு செலவழிக்காமலே முடியும் என்பது கூடுதல் செய்தி.

மூன்று வேலை

வீடியோ சாஃப்ட்வேர் என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வேலைகள் ஒரே பெயரில் ஒளிந்துகொள்கின்றன. நம் ஊர் ஸ்டுடியோக்களில் 'மிக்ஸிங்' என்று சொல்லும் வெட்டி ஒட்டும் வேலை ஒன்று. வெட்டி முடித்த படத்தை டிவிடி பிளேயருக்குப் புரியும் அமைப்பில் அடுக்கி, பட்டியல் திரையும் பகுதிப் பிரிவுகளும் சேர்க்கும் 'ஆத்தரிங்' இரண்டாவது. அந்த அடுக்கை வட்டில் எழுதுவது, அதாவது 'ரைட் பண்ணுவது', மூன்றாவது.

மூன்றையும் ஒரே பெட்டியில் தருகிறோம் என்று விற்கப்படுபவை ஏதோ ஒன்றில் பிறந்து மற்றவற்றை ஒட்டிக்கொண்டவை. நீரோ ரைட் பண்ணுவதில் தொடங்கி மிக்ஸிங்குக்கு வந்தது. யூலீட் வீடியோஸ்டுடியோவும் பினக்கிள் ஸ்டுடியோவும் மிக்ஸிங்கில் தொடங்கி டிஸ்க்குக்கு வந்தவை. பிறகு இரண்டுமே கோரல் நிறுவனத்தின் கைக்குப் போயின. எது எதில் பிறந்ததோ அதில்தான் கெட்டி. அதனால் மூன்று வேலைக்கும் மூன்று சிறிய, இலவசக் கருவிகளை வைத்துக்கொள்வதே எங்கள் கட்சி. ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

பெட்டியில் இருந்து பின்னோக்கி

பாட்டி வீட்டில் இருப்பது பழைய டிவிடி பிளேயர் என்றால், அதற்கு நன்றாகப் பழகிய மொழி இது: எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம், 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி, இவை எல்லாம் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறைக்குள் குறிப்பிட்ட வரிசையில். எம்பி4 கோப்பை அப்படியே இழுத்து டிவிடியில் போட்டு ரைட் செய்தால் கணினியில் அழகாக ஓடும். பாட்டி வீட்டில் 'நோ டிஸ்க்' என்று வரும். டிஸ்க் மேல் பழி போடுவார்கள், பிளேயர் மேல் போடுவார்கள். விட்டுப்போனது நடுவில் இருக்க வேண்டிய ஆத்தரிங்.

மாமா வீட்டில் புதுத் தொலைக்காட்சி, பின்னால் பென் டிரைவ் துளை இருக்கிறது என்றால் டிஸ்க்கே வேண்டாம். ஹெச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 உறை: இந்தச் சேர்க்கையை ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சியும் ஏற்கும். சிக்கல் வருவது பென் டிரைவின் அமைப்பில். ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இரண்டு மணி நேரப் படம் எளிதில் தாண்டும். எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றலாம், ஆனால் பழைய தொலைக்காட்சி சில அதைப் படிக்காது. படத்தைச் சடங்குவாரியாக நாலைந்து கோப்பாகப் பிரித்துவிடுவது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் சில தொலைக்காட்சிகள் வெறும் கட்டங்களாகக் காட்டும். முன்னால் 01, 02 என்று எண் போட்டு, ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது நடைமுறைக்கு நல்லது.

புதுச்சேரிக்கே உரிய விவகாரம் ஒன்று உண்டு. சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள்), பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து அந்தக் காலத்தில் வந்த விஎச்எஸ் கேசட்டுகள் பல, பிரான்சில் அப்போது வழங்கிய செக்காம் (SECAM) வண்ண முறையில் பதிவானவை. நம் ஊரில் வழங்கிய பால் (PAL) வண்ண முறை டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் விசிஆரில், போட்டால் படம் ஓடும், கறுப்பு வெள்ளையில். கேசட் வெளுத்துவிட்டது என்று தூக்கிப் போட்ட வீடுகள் இருக்கலாம். நிறம் நாடாவில் அப்படியே இருக்கிறது. செக்காம் படிக்கும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும், பதிவு செய்யும் மென்பொருளில் வண்ண முறையைச் செக்காம் என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறைகளுக்கும் 625 கோடு, நொடிக்கு 25 சட்டகம் என்பது பொது. ஆகவே கணினிக்குள் வந்த பிறகு வித்தியாசமே இல்லை. திரும்ப அங்கே அனுப்பும் டிவிடியையும் நம் ஊர் டிவிடி போலவே போடலாம். மண்டலக் குறியீடு பற்றியும் கவலை வேண்டாம். இந்தியா ஐந்தாவது மண்டலம், பிரான்ஸ் இரண்டாவது என்பதெல்லாம் கடையில் விற்கும் சினிமா டிஸ்க்குகளுக்கு. வீட்டில் போடும் டிஸ்க்குக்கு மண்டலம் கிடையாது.

எதிலிருந்து எடுக்கிறோம்

விஎச்எஸ் தான் அதிகம் படுத்தும். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் உற்பத்தியை நிறுத்தியதோடு உலகில் புது டெக் வருவது நின்றது. இன்று கேசட்டைவிட நல்ல டெக் கிடைப்பதுதான் அரிது. அதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ள முதல் விதி: கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாக, சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரத்தில் இது சகஜம். 2011 'தானே' புயலிலும் 2015 வெள்ளத்திலும் நனைந்து, துடைத்து எடுத்து வைத்த கேசட்டுகளில் கேட்கவே வேண்டாம். அதை டெக்கில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதை முதலில் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். நல்ல கேசட்டையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டாமல், காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் ஓட்டுவது புத்திசாலித்தனம். ஓட்டும் முன் ஒரு முறை கடைசி வரை முன்னோக்கிச் சுற்றி, திரும்பப் பின்னோக்கிச் சுற்றினால் நாடா இறுக்கம் சீராகும்.

டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி குச்சிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றோடு வரும் குறுந்தகட்டில் உள்ள மென்பொருளைத் தொடாமலிருப்பது உத்தமம். பெரும்பாலும் எடுக்கும்போதே படத்தை நசுக்கிவிடும். விர்ச்சுவல்டப் என்ற இலவசக் கருவியில், 720×576 அளவில், இழப்பில்லாச் சுருக்க முறையில் எடுத்தால் மணிக்குச் சுமார் 30 முதல் 40 ஜிபி பிடிக்கும். இடம் போனாலும் பிறகு எத்தனை முறை வெட்டினாலும் படம் கெடாது. ஒரு மணி நேரம் கழித்து வாயசைவும் பேச்சும் விலகிப் போனால், குச்சி சட்டகங்களைத் தவறவிடுகிறது என்று பொருள். குச்சியை ஹப்பில் செருகாமல் நேரடித் துளையில் செருகுங்கள். சேமிப்பு உள் எஸ்எஸ்டிக்குப் போகட்டும். வைரஸ் தடுப்பான் ஸ்கேனைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். அப்படியும் விலகினால் அரை மணிக்கு ஒரு கோப்பாகப் பிரித்து எடுங்கள். விலகல் சேர்ந்து சேர்ந்து பெருகாது.

மினிடிவி கேசட் அதற்கு நேர் எதிர். நாடாவில் இருப்பதே எண்முறைத் தகவல். ஃபயர்வயர் கம்பி (கேமராவைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை வயர்) வழியாக எடுத்தால் அப்படியே நகல், மணிக்கு 13 ஜிபி, தரத்தில் ஒரு துளி இழப்பு இல்லை. கேமராவில் யூஎஸ்பி துளையும் இருக்கும். அது பெரும்பாலும் புகைப்படத்துக்கும் தரம் குறைந்த ஓட்டத்துக்கும்தான், அதில் ஏமாற வேண்டாம். ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி உறவில் யாரிடமாவது இருந்தால், காயலான் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் கடன் வாங்கிவிடுங்கள். 'பீல்ட்' வரிசையையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு சட்டகமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாக இரண்டு பாதியாகப் பதிவாகிறது, அதில் எந்தப் பாதி முதலில் என்பதுதான் இது. பால் மினிடிவியில் கீழ்வரிசை முதலில். ஹெச்டி கேமராக்களில் மேல்வரிசை முதலில். மென்பொருளில் மாற்றிக் கொடுத்துவிட்டால் நிற்பவர்கள் சரியாகத் தெரிவார்கள், நடப்பவர்கள் மட்டும் முன்னும் பின்னும் துடிப்பார்கள். கணினித் திரையில் இது சரியாகத் தெரியாது. பழைய தொலைக்காட்சியில் போட்டதும் பளிச்சென்று தெரியும்.

2005 வாக்கில் வந்த சின்ன டிவிடி கேமராக்களின் 8 செமீ வட்டுகள் ஒரு தனி வகை: 1.4 ஜிபி, வழக்கமான தரத்தில் 30 நிமிடம். கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' செய்யாத, அதாவது பதிவை முடித்து மூடாத, வட்டைக் கணினியில் போட்டால் காலி வட்டு என்று காட்டும். பயந்துபோய் அதன்மேலேயே எழுதிவிடாதீர்கள். அந்தக் கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் படித்துக் கொடுக்கும். உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவில் இந்தச் சின்ன வட்டைச் செருகக் கூடாது. உள்ளே போனது வெளியே வராது.

விசிடிக்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. அதிலுள்ள டாட் (.dat) கோப்பு 352×288 அளவிலான எம்பெக்-1 படம். அதை 720×576 ஆக ஊதிப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். டிவிடி விதிமுறை அந்த எம்பெக்-1 படத்தை அப்படியே ஏற்கும். ஒலியை மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்து 48-க்கு மாற்ற வேண்டும்.

போன் படங்களில் வரும் கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. போன்கள் நொடிக்கு 30 சட்டகம் என்று சொல்லிக்கொண்டாலும் வெளிச்சத்துக்குத் தக்க 28, 30, 24 என்று ஏறி இறங்கும். பல மென்பொருள்கள் இதைச் சீரானது என்று எடுத்துக்கொள்வதால் ஒலி நழுவும். ஷாட்கட் என்ற மிக்ஸிங் மென்பொருள் இதைக் கண்டுபிடித்து, 'திருத்துவதற்கு ஏற்றபடி மாற்றட்டுமா?' என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். இன்னொன்று, 30 சட்டகப் படத்தை 25-க்கு இறக்கினால் கேமரா திரும்பும் இடமெல்லாம் தடுக்கித் தடுக்கி ஓடும். முழுக்கவும் போன் படம் என்றால் டிவிடியை அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில், 720×480, நொடிக்கு 29.97 சட்டகம் என்று போடுங்கள். இந்தியாவில் விற்ற பிளேயர்கள் ஏறக்குறைய எல்லாமே அதையும் ஓட்டும். உறவினர்களிடம் படம் கேட்கும்போது வாட்ஸாப்பில் வீடியோவாக அல்ல, 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். வீடியோவாக வந்தால் அது ஏற்கெனவே பிழிந்த சக்கை.

மிக்ஸிங்

8 ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினி என்றால் ஷாட்கட் அல்லது கேடன்லைவ். இரண்டும் இலவசம், படத்தின் மேல் நீர்முத்திரை (வாட்டர்மார்க்) விழாது, காலாவதி ஆகாது. 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் உள்ளவர் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைப் பார்க்கலாம். வண்ணத் திருத்தத்தில் அதை மிஞ்ச இலவசத்தில் வேறில்லை. ஆனால் ஒரு காதுகுத்துக்கு ரிசால்வ் என்பது எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுவது. முன்னும் பின்னும் வேண்டாததை நறுக்கினால் போதும் என்றால் லாஸ்லெஸ்கட் இருக்கிறது. அது படத்தை மறுபடி சுருக்குவதில்லை என்பதால் ஒரு மணி நேரப் படம் நிமிடத்துக்குள் முடியும், தரமும் அப்படியே இருக்கும். வெட்டு மட்டும் நினைத்த இடத்திலிருந்து ஒரு நொடி அப்படி இப்படி விழலாம். விண்டோஸ் 11-உடன் வரும் கிளிப்சாம்ப் எம்பி4 மட்டும் தரும், டிஸ்க் பக்கம் வராது.

கட்டண மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கினால், முழு வேலையையும் செய்யும் முன் பத்து நொடிப் படத்தை வெளியேற்றிப் பாருங்கள். நீர்முத்திரையும், டிஸ்க் வசதி பூட்டியிருப்பதும் அப்போதுதான் வெளியே வரும். 'கிராக்' போட்ட பதிப்பு இன்னும் மோசம். வைரஸ் தடுப்பான் அதன் பாகங்களில் ஒன்றைத் தூக்கியதும், 90 சதவீதத்தில் வெளியேற்றம் நின்றுபோகும்; காரணம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நமக்கென்று ஒரு சோதனை உண்டு, எந்த ஆங்கில ஒப்பீட்டுக் கட்டுரையிலும் வராதது: தமிழ்த் தலைப்பு. மென்பொருளில் எழுத்துப் பெட்டியைத் திறந்து 'ஸ்ரீ, கௌ, கொ, பெ' என்று தட்டுங்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு இல்லாத மென்பொருளில் கொம்பு பின்னால் தொங்கும், 'திருவந்திபுரம் கோயிலில் நடைபெற்ற' என்பது படிக்க முடியாத ஒன்றாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் எங்கும் சரியாகத் தெரிவதற்குக் காரணம், அவை தட்டிய வரிசையிலேயே காட்டுபவை என்பதுதான். ஷாட்கட்டிலும் கேடன்லைவிலும் ஒருங்குறித் தமிழ் சரியாக வரும். வேறு எதிலாவது உடைந்தால் மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, வீடியோவின் மேல் அடுக்கில் வைத்துவிடுங்கள். எழுத்து படமாகிவிட்ட பிறகு உடைவதற்கு ஏதுமில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும்போது பக்கத்துக் கல்யாணத்து நாதஸ்வரமும் நம் படத்தில் இருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் இசை அறுந்து அறுந்து ஒட்டினால் காது வலிக்கும். தாலி கட்டும் நேரத்தின் ஒலியை ஒரே நீளமாக எடுத்துக் கீழ் அடுக்கில் ஓடவிட்டு, அதன்மேல் படங்களை மட்டும் மாற்றுங்கள். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒலிமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பதிவிலேயே கரகரத்துவிட்டதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

600-ஐ வகுக்கும் கணக்கு

ஆத்தரிங்குக்கு டிவிடிஸ்டைலர் போதும். இலவசம், தோற்றம் பழசு, வேலை சுத்தம். புதுத் திட்டம் தொடங்கும்போதே பால் அல்லது என்டிஎஸ்சி, 4:3 அல்லது 16:9 என்று கேட்கும். கேசட் படங்கள் 4:3. அவசரத்தில் 16:9 கொடுத்தால் மாப்பிள்ளை பத்து கிலோ கூடியவராகத் தெரிவார்.

அடுத்தது பிட்ரேட். ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை மெகாபிட் ஒதுக்குவது என்ற கணக்கு. வட்டின் மேல் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஒன்று ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு, மற்றது 1024-ஆல். நினைவில் வைக்க எளிய வாய்ப்பாடு: 600-ஐப் படத்தின் நிமிடங்களால் வகுங்கள். 90 நிமிடத்துக்கு 6.6 மெகாபிட், 120-க்கு 5, 150-க்கு 4, 180-க்கு 3.3. இது படமும் ஒலியும் சேர்ந்தது, ஒலிக்கு 0.2 கழியுங்கள். படம் குறுகியது என்பதற்காக 8-க்கு மேல் ஏற்ற வேண்டாம். விதிமுறை படத்துக்கு 9.8 வரை அனுமதித்தாலும், வீட்டில் எழுதிய வட்டைப் பழைய பிளேயர் அந்த வேகத்தில் படிக்கும்போது திணறும்.

4-க்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பதை அட்சதை தூவும் காட்சியில் பார்க்கலாம். நூறு அரிசி நூறு திசையில் பறக்கும்போது, ஃபிளாஷ் வெளிச்சமும் சேர்ந்துகொள்ள, சுருக்கும் முறைக்குப் பிட் பற்றாமல் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடையும். எந்த நொடி தெளிவாக இருக்க வேண்டுமோ அந்த நொடியில்தான் உடையும். மூன்று மணி நேரப் படத்தை இரண்டு வட்டாகப் பிரிப்பது நேர்மையான வழி. மூலம் விஎச்எஸ் என்றால் இன்னொரு வழி உண்டு: அளவை 352×576 என்று கொடுங்கள். டிவிடி விதிமுறை இதையும் ஏற்கும். விஎச்எஸ் நாடாவில் அகலவாட்டில் 240 கோடு அளவுக்குத்தான் விவரமே இருக்கிறது என்பதால் கண்ணுக்கு இழப்புத் தெரியாது. புள்ளிகள் பாதியாகக் குறைவதால் அதே 3.1 மெகாபிட் தாராளமாகப் போதும். மூன்று மணி நேரக் கேசட் ஒரே வட்டில் அடங்கும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டுகளைப் பரிந்துரைக்கத் தயக்கம்; பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் நின்று யோசிக்கும்.

பட்டியல் திரையில் பூ பறக்க வைப்பதற்கு ஒரு மாலை போய்விடும். வயதானவர்கள் பார்க்கும் வட்டில் பட்டியல் திரையே வேண்டாம், போட்டதும் ஓடட்டும். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், தாலி, நலங்கு, வரவேற்பு என்று பகுதி மட்டும் பிரித்துவிட்டால் ரிமோட்டின் அடுத்த பொத்தான் போதும். கடைசியில் 'ஐஎஸ்ஓ படிமம் உருவாக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள் (முழு வட்டும் ஒரே கோப்பாகக் கிடைக்கும்), நேராக ரைட் செய்ய வேண்டாம். ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து முழுக்கப் பார்த்துவிட்டு எழுதினால் வீணாகும் வட்டு குறையும். பத்து வீட்டுக்குப் பத்து நகல் போடுவதும் அதிலிருந்தே.

ரைட் பண்ணுவது

இதற்கு மென்பொருள் வாங்குவது வீண் செலவு. விண்டோஸ் 7 முதலே ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்தால் வட்டில் எழுதும் வசதி இருக்கிறது. எழுதிய பின் சரிபார்க்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். வேகத்தை நாமே வைக்க வேண்டும் என்றால் இம்க்பர்ன் என்ற இலவசக் கருவி. 2013-க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை, ஆனாலும் வேலையில் குறையில்லை. நிறுவும்போது கூடவே வேறு ஏதாவது போடட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

16எக்ஸ் என்று அச்சிட்ட வட்டை 8எக்ஸில் எழுதுங்கள். எட்டு, ஒன்பது நிமிடத்தில் முடியும். உச்ச வேகத்தில் மிச்சமாகும் மூன்று நிமிடத்துக்கு விலை, ஓரத்தில் வரும் பிழைகள். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. ஆட்டமும் கைரேகையும் ஓரத்தில்தான் அதிகம். அதனால்தான் தாலி கட்டும் வரை ஒழுங்காக ஓடி, வரவேற்பில் படம் நிற்கிறது. 4.7 ஜிபியையும் நிரப்பாமல் 4.3-இல் நிறுத்தினால் ஓர விளிம்பு காலியாக இருக்கும், பிரச்சினை பாதியாகும். பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வகை வாங்குவது பாதுகாப்பு. மடிக்கணினியோடு இணைக்கும் மெல்லிய வெளி ரைட்டர் எழுதும் நடுவில் துண்டித்துக்கொண்டால், பெரும்பாலும் ஒரே யூஎஸ்பி துளையின் மின்சாரம் அதற்குப் பற்றவில்லை. இரட்டைத் தலை வயர் போடுங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

வட்டின் மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டாம். எடை ஒரு பக்கம் சாய்ந்து சுழலும்போது ஆடும், நம் ஊர் ஈரத்தில் பசை நகரும். நடுவிலுள்ள தெளிவான வளையத்தில், வட்டுக்கென்றே விற்கும் மார்க்கரால் தேதியை எழுதினால் போதும்.

மூலப்படம் எங்கே இருக்க வேண்டும்

விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் கைவிட்டது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-இல் இல்லை. ஆப்பிளின் ஐடிவிடி 2011-க்குப் பிறகு புது மேக்குகளோடு வரவில்லை. அடோபியின் என்கோர், சிஎஸ்6-ஓடு நின்றது. அவற்றில் சேமித்த திட்டக் கோப்புகள் இன்று திறக்க முடியாத பூட்டு. எனவே மிக்ஸிங் முடிந்ததும் திட்டக் கோப்பை நம்பாமல், முழுப் படத்தையும் நல்ல தரத்தில் ஒரே கோப்பாக வெளியேற்றி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது கடலிலிருந்து தள்ளி, நெய்வேலியிலோ பண்ருட்டியிலோ உறவினர் வீட்டில். டிவிடிக்காகச் சுருக்கிய எம்பெக்-2 மூலமாகாது. அது விநியோகப் பிரதி.

வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் இருப்பது சாயப் படலத்தில். 0.6 மிமீ தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே அது ஒட்டப்பட்டிருக்கிறது. ஓரத்து ஒட்டு விட்டால் ஈரம் உள்ளே போகும். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். கனிமப் படலம் கொண்ட எம்-டிஸ்க் வட்டுகள் இதைத் தாங்கும், ஆனால் அவற்றை எழுத அதற்கென்று குறிப்பிட்ட ரைட்டர் வேண்டும். சாதாரண வட்டுகளைப் பிளாஸ்டிக் உறைக் கட்டில் அடுக்காமல், தனித்தனிப் பெட்டியில் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் ஒரு வட்டை எடுத்துக் கணினியில் போட்டு, கடைசி விஓபி (VOB, டிவிடியில் படம் இருக்கும் கோப்பு) கோப்பை மட்டும் நகலெடுத்துப் பாருங்கள். ஓரத்தில் இருப்பது அந்தக் கோப்புதான். நகலெடுக்கும்போது வேகம் தடுமாறினால், அன்றைக்கே ஐஎஸ்ஓவிலிருந்து புது வட்டு எழுதிவிடலாம்.